செல்ஃப் எடுக்காத பழைய மோட்டார் வண்டி: குறையைக் கண்டறியும் முறை

தறியில் பாவிழை ஒன்று அறுந்துவிட்டால், அநுபவமுள்ள நெசவாளர் எவரும் பாவு முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதுப் பாவு ஏற்றுவதில்லை. அறுந்த முனை எங்கே இருக்கிறதென்று விழுதிலும் அச்சிலும் தேடிப் பிடித்து, இழுத்து முடிச்சிட்டு, மீண்டும் நாடாவை ஓட்டத் தொடங்கிவிடுகிறார். கிணற்றில் நீர் இருந்தும் பம்ப்செட் இறைக்கவில்லையென்றால், விவசாயி உடனே கிணற்றை ஆழப்படுத்தக் கிளம்புவதில்லை. ஃபுட் வால்வு சரியாக மூடுகிறதா, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். தத்தம் தொழிலில் இவ்வளவு நிதானமாக நடந்துகொள்ளும் நாம், மோட்டார் வண்டி ஒன்று காலையில் கிளம்ப மறுத்துவிட்டால் மட்டும் நிதானத்தை இழந்துவிடுகிறோம். "பாட்டரி போய்விட்டது" என்கிறார் ஒருவர். "செல்ஃப் போய்விட்டது" என்கிறார் மற்றொருவர். போனது எது என்று அளந்து பார்க்குமுன்னரே, சங்கத்தின் பணம் போய்விடுகிறது.

நம் சங்கங்கள் சிலவற்றிலும், அங்கத்தினர் பலருடைய வீடுகளிலும், பழைய அம்பாசிடர் கார்களும் ஜீப்புகளும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மேற்கு வங்கத்து உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுவிட்டது. எனினும், எளிய அமைப்புடைய அவ்வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் ஓட்டிக்கொண்டே இருக்கின்றனர். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சேலை மூட்டைகளுடன் வண்டி நின்றுவிட்டாலோ, விடியுமுன் சந்தைக்குச் சேரவேண்டிய காய்கறி களத்து மேட்டிலேயே வாடிவிட்டாலோ நஷ்டம் யாருக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே, வண்டியின் செல்ஃப் எடுக்காதபோதும், பாட்டரியில் சார்ஜ் ஏறாதபோதும், குறையை வரிசை முறையில் கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இதற்கு வேண்டிய கருவி ஒரு சாதாரண மல்டிமீட்டர். வேண்டிய குணம் பொறுமை.

மின்சாரம் செல்லும் வழி

மோட்டார் வண்டிகளைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அவ்வமைப்பில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பியதும், கிளம்பியபின் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டியதும் ஒரே யந்திரந்தான். பின்னர் இவ்விரு வேலைகளும் இரு யந்திரங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. கிளப்புவது செல்ஃப் மோட்டார்; ஊட்டுவது டைனமோ. 1960-களிலிருந்து டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. வேலை பிரிந்தபோதிலும் கணக்கு ஒன்றே. பாட்டரி நம் வைப்பு நிதி, டைனமோ வரவு, செல்ஃபும் விளக்கும் ஹாரனும் செலவு. வரவு குறைந்தாலும், செலவு மிகுந்தாலும், வைப்பு நிதியில் எங்கேனும் கசிவு இருந்தாலும், ஒரு நாள் காலையில் கையிருப்பு இல்லையென்ற நிலை வந்தே தீரும்.

மின்சாரத்தின் போக்கை அறிய வாய்க்காலை நினைத்துக்கொள்வது உதவும். வோல்ட் என்பது நீர்மட்டத்தின் உயரம். ஆம்பியர் என்பது ஓடும் நீரின் அளவு. ஓம் என்பது வாய்க்காலில் படிந்த தூரின் தடை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வயலுக்குப் பாய்ந்த நீர் ஏரிக்குத் திரும்புவதில்லை. மின்சாரமோ, பாட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனைக்குத் திரும்பி வந்தாகவேண்டும். திரும்பும் வழி, வண்டியின் இரும்பு உடலும், எஞ்சினும், அவற்றை இணைக்கும் எர்த் கம்பிகளுமாகும். போகும் வழியைப் பார்ப்பவர் பலர். திரும்பும் வழியைப் பார்ப்பவர் சிலரே.

முதலில் பாட்டரியை அளத்தல்

வண்டி இரவு முழுதும் ஓய்ந்து நின்றபின், காலையில் அளப்பது நலம். முன்விளக்கை ஒரு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து, மல்டிமீட்டரைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைக்கவேண்டும். 12 வோல்ட் பாட்டரி முழுதும் நிரம்பியிருந்தால் 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகம் காட்டும். 12.4 வோல்ட் எனில் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால் பங்குதான் உள்ளது. அதற்கும் கீழே இறங்கியிருந்தால், முதலில் வெளியே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பிறகுதான் மற்றச் சோதனைகளைத் தொடங்கவேண்டும். இருப்பில்லாத கணக்கை வைத்துக்கொண்டு செலவைப் பரிசோதிப்பதில் பயனில்லை.

பாட்டரிக்குள் 6 அறைகள் இருக்கின்றன. மூடி கழற்றக்கூடிய பாட்டரியாயின், ஹைட்ராமீட்டரைக் கொண்டு ஒவ்வோர் அறையின் திராவக அடர்த்தியையும் பார்க்கலாம். எல்லா அறைகளும் ஒரே அளவு குறைந்திருந்தால் சார்ஜ் குறைவு என்று பொருள். ஐந்து அறைகள் நன்றாயிருக்க, ஓர் அறை மட்டும் 0.050 அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருந்தால் அவ்வறை பழுதடைந்தது. அத்தகைய பாட்டரியை மாற்றுவதே முறை. முழுச் சார்ஜ் ஏற்றியபிறகும் மீட்டர் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால், அதுவும் ஓர் அறை செயலற்றுப்போனதன் அறிகுறியாகும்.

ஓய்வில் அளப்பது பாதிச் சோதனைதான். வேலை கொடுத்து அளப்பதே முழுச் சோதனை. பெட்ரோல் வண்டியில் காயிலுக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழற்றிவிட்டு, டீஸல் வண்டியில் எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் கிளம்பாதவாறு செய்து, 10 விநாடிகளுக்கு மேற்படாமல் செல்ஃபைச் சுற்றவிடவேண்டும். அப்போது பாட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பாட்டரி நல்லதென்று கொள்ளலாம். முழுச் சார்ஜ் இருந்தும் அதற்குக் கீழே சரிந்தால், பாட்டரி வலுவிழந்திருக்கவேண்டும். அன்றேல் செல்ஃப் மோட்டார் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுக்கவேண்டும்.

விளக்கும் ஒலியும் சொல்லும் செய்தி

மீட்டர் கையில் இல்லாத இடத்திலும் குறை எப்பக்கம் இருக்கிறதென்று ஓரளவு கண்டுகொள்ளலாம். நிழலான இடத்தில் வண்டியை நிறுத்தி, முன்விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் விளக்கைக் கவனிக்க, மற்றொருவர் செல்ஃபை இயக்கவேண்டும்.

முதலாவது, விளக்கு அறவே அணைந்துபோனால், பாட்டரி முனையிலோ பெரிய கம்பியிலோ பிடிப்புத் தளர்ந்திருக்கிறது. இரண்டாவது, விளக்கு மங்கி, 'டக டக டக' என்று ஓயாமல் ஒலி கேட்டால், பெரும்பாலும் பாட்டரியில் இருப்புக் குறைவு. இணைப்பில் அழுக்கு இருப்பினும் இவ்வொலி எழும். மூன்றாவது, ஒரே ஒரு 'டக்' ஒலி கேட்டு, விளக்கு அதிகம் மங்காமல் இருந்தால், சோலனாய்டு வரையில் ஆணை சென்றுவிட்டது. பெரிய மின்சாரம் மோட்டாருக்குள் ஓடவில்லை. சோலனாய்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். பெரிய கம்பிகளில் ஒன்று தடைப்பட்டிருக்கலாம். நான்காவது, ஒரே 'டக்' ஒலியுடன் விளக்கு மிகவும் மங்கிப்போனால், மின்சாரம் ஓடுகிறது, மோட்டார் சுழல இயலவில்லை என்று அறியவேண்டும். பல்சக்கரம் சிக்கிக்கொண்டிருக்கலாம், எஞ்சினே இறுகியிருக்கவும் கூடும். ஐந்தாவது, ஒலியும் இல்லை, விளக்கிலும் மாறுதல் இல்லையெனில், சாவி ஸ்விட்சிலிருந்து சோலனாய்டு வரையுள்ள சிறு கம்பி வழியில் குறை இருக்கிறது. ஆறாவது, மோட்டார் மட்டும் 'விர்' என்று சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால், பெண்டிக்ஸ் என்று பட்டறைகளில் வழங்கும் பல்சக்கர அமைப்பைக் கவனிக்கவேண்டும்.

விளக்கு எரிவதால் மட்டும் நிச்சயம் உண்டாகுமா?

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது, ஆகவே கம்பிகளெல்லாம் நன்றாயிருக்கின்றன, குறை செல்ஃப் மோட்டாரில்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இம்முடிவு ஏன் தவறாகலாம் என்பதைச் சிறு கணக்கினால் காட்டலாம்.

45 வாட் விளக்குகள் இரண்டு எரிவதற்கு 90 வாட் வேண்டும். அதாவது 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். பாட்டரி முனையில் படிந்த வெண்பச்சை நிறக் களிம்பினால் 0.01 ஓம் தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். 7.5 ஆம்பியர் அத்தடையைக் கடக்கையில் இழப்பது 0.075 வோல்ட் மாத்திரமே. விளக்கின் ஒளியில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற 150 ஆம்பியர் அளவு இழுக்கிறது. டீஸல் எஞ்சினாயின் இன்னும் அதிகம். 150 ஆம்பியர் அதே தடையைக் கடக்கையில் 1.5 வோல்ட் வீணாகிவிடுகிறது. தடை இன்னும் சற்றுக் கூடினால் மோட்டார் முனகுமேயன்றிச் சுழலாது. தூர்ந்த வாய்க்காலில் ஒரு குடம் நீர் தாராளமாக ஓடும்; ஏரி மடையைத் திறந்துவிட்டால்தான் அதன் தூர் தெரியவரும். செல்ஃபின் இணைப்புகளையும் செல்ஃபை இயக்கிக்கொண்டே அளக்கவேண்டும் என்ற விதி இதனால்தான் ஏற்பட்டது.

அளக்கும் முறை எளிது. பாட்டரியின் எர்த் முனையில், மேலே மாட்டியுள்ள கவ்வியில் அன்றி, ஈயக் குமிழின் மீதே மீட்டரின் ஒரு கம்பியை வைத்து, மறுகம்பியைச் செல்ஃப் மோட்டாரின் உடலில் வைத்துக்கொண்டு செல்ஃபை இயக்கவேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழியில் தடை இருக்கிறது. அதுபோலவே, பாட்டரியின் மறு ஈயக் குமிழுக்கும் மோட்டாரின் பெரிய முனைக்கும் இடையே அளந்தால் 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மேற்படுமாயின், குமிழுக்கும் கவ்விக்கும் இடையே, கம்பியின் இரு நுனிகளுக்கும் இடையே, சோலனாய்டின் இரு பெரிய முனைகளுக்கும் இடையே என்று படிப்படியாக அளந்துகொண்டு போனால், வோல்ட் வீணாகும் இடம் தானே புலப்படும்.

ஒரு சங்கத்தில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடுகையில், பழைய கார் ஒன்றின் பராமரிப்புக் கணக்கில் சில மாத இடைவெளிகளில் அடுத்தடுத்து இரண்டு வவுச்சர்கள் இருக்கக் கண்டேன். முதலாவது புதிய பாட்டரிக்கு. இரண்டாவது செல்ஃப் மோட்டாருக்கு ஆர்மேச்சர் கட்டியதற்கு. மூன்றாவதாக, செல்ஃப் மோட்டாரையே புதிதாக மாற்றுவதற்குரிய மதிப்பீடு ஒன்று கமிட்டியின் முன் வைக்கப்பட்டிருந்தது. மூன்றுக்கும் காரணமாக எழுதப்பட்டிருந்தது ஒரே வாசகந்தான்: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை." ஒவ்வொரு செலவுக்குப் பின்னரும் சிலநாள் வண்டி கிளம்பியது; பின்னர் பழைய கதைதான். எந்த வவுச்சரிலும் அளவு ஏதும் குறிக்கப்படவில்லை.

மதிப்பீட்டை அங்கீகரிக்குமுன் ஒரு முறை அளந்து பார்த்துவிடலாம் என்று சங்கத் தலைவர் கருதினார். போக்குவரத்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் அவ்வூரிலேயே வசித்துவந்தார். அவர் வந்ததும் வண்டியைத் தொடவில்லை, டிரைவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "தம்பி, செல்ஃப் அடிக்கிறபோது எங்கேயாவது புகை வாடை வருகிறதா?" சோக் கம்பி சில வேளைகளில் கைபொறுக்காத சூடாக இருக்கிறதென்றும், அதன் மேலுறை ஓரிடத்தில் உருகியிருக்கிறதென்றும் டிரைவர் கூறினார். மெக்கானிக் தலையசைத்துவிட்டு மீட்டரை எடுத்தார். பாட்டரியின் எர்த் குமிழுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே, 0.3-க்குள் இருக்கவேண்டிய அளவு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே செம்பு இழைகளால் பின்னிய பட்டை ஒன்று போடப்பட்டிருக்கும். அவ்வண்டியில் அப்பட்டை, எண்ணெயும் சேறும் மூடிய மறைவான இடத்தில், போல்ட்டின் ஓரத்தில் பெரும்பாலும் அறுந்து, சில இழைகளால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய வழி அடைபட்டதால், செல்ஃபின் மின்சாரம் சோக் கம்பி வழியாகத் திரும்ப முயன்றிருக்கிறது; அதனால்தான் அந்தச் சூடு. சில நூறு ரூபாய் பெறும் புதிய பட்டையைப் பூட்டி, போல்ட் அமரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் செல்ஃப் முழு வேகத்தில் சுழன்றது. மதிப்பீடு திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் முதலில் கழற்றிய பாட்டரி பழைய விலைக்குப் போய்விட்டிருந்தது. அது நல்ல பாட்டரியா, கெட்ட பாட்டரியா என்பதை அறிய இனி வழியில்லை.

பட்டறைக்காரர்மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. "பாட்டரியை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டோம், மாற்றித் தந்தார். "குறை எங்கே என்று அளந்து சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் அளந்திருக்கக்கூடும். எதைக் கேட்பது என்று அறிந்துகொள்வது சங்கத்தின் பொறுப்பாகும்.

செல்ஃப் மோட்டாரைச் சோதித்தல்

பாட்டரியும் இணைப்புகளும் நன்றென்று அளவினால் உறுதிப்பட்டபிறகே செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது முறை. அதற்கு முன்னும் இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. சில பழைய வண்டிகளின் சோலனாய்டில் ரப்பர் மூடிய பொத்தான் ஒன்று இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, அப்பொத்தானைக் கையால் அழுத்தினால், சாவி ஸ்விட்சின் உதவியின்றியே செல்ஃப் சுழலும். சாவியில் சுழலாதது பொத்தானில் சுழன்றால், மோட்டாரைக் குறைகூற இடமில்லை. ஸ்விட்சையும் சிறு கம்பியையும் பார்த்தால் போதும்.

இரண்டாவது, பழைய பெட்ரோல் வண்டிகளில் செல்ஃபின் பல்சக்கரம் எஞ்சினின் பெரிய சக்கரத்தில் சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது சாவியை அணைத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னுமாகச் சற்று ஆட்டினால் சிக்கல் விடுபடும். மோட்டாரின் பின்பக்கத்தில் சதுர நுனி இருந்தால், ஸ்பானரால் அதைத் திருப்பியும் விடுவிக்கலாம். அடிக்கடி சிக்குமாயின் பல்சக்கரத்தின் பற்களைப் பார்க்கவேண்டும். அதன் திருகுத் தண்டுக்கு எண்ணெய் தடவுவது தவறு. எண்ணெயில் தூசி ஒட்டி, சக்கரம் நகராமல் நின்றுவிடும். மண்ணெண்ணெயால் கழுவி உலரவிடுவதே போதும்.

சார்ஜ் ஏறாத குறை

செல்ஃப் நன்றாயிருந்தும் இரண்டு நாளுக்கொரு முறை பாட்டரி இறங்கிவிட்டால், வரவுக் கணக்கைப் பார்க்கவேண்டும். முதலில் ஃபேன் பெல்ட். இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தாழவேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் டைனமோ வழுக்கும். மிக இறுக்கினால் பேரிங் கெடும். அம்பாசிடர் போன்ற வண்டிகளில் இதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. ஓட்டத்தில் சிவப்பு விளக்கு திடீரென்று எரிந்தால், பெல்ட் அறுந்திருக்கிறதா என்று உடனே நிறுத்திப் பார்க்கவேண்டும். பாட்டரியைப் பற்றிய கவலையைவிட எஞ்சின் கொதித்துவிடுமே என்ற கவலை அங்கே முக்கியமானது.

அடுத்து, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் அளக்கவேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. ஓய்வில் காட்டிய அளவே எஞ்சின் ஓடும்போதும் காட்டினால் வரவு இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் வரவு அளவுமீறியது. பாட்டரி கொதித்து நீர் வற்றிப்போகும். டைனமோ வண்டிகளில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது சிவப்பு விளக்கு இலேசாக மினுக்குவது இயல்பே.

டைனமோவில் பெரியதும் சிறியதுமாக இரு முனைகள் உண்டு. பெரியதை 'டி' என்றும், சிறியதை 'எஃப்' என்றும் குறிப்பர். சார்ஜ் ஏறாதபோது, அவற்றின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, எஞ்சின் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும். மீட்டர் தங்குதடையின்றி 20 வோல்ட் வரை ஏறினால் டைனமோ நல்லது. அங்கேயே நிறுத்திவிடவேண்டும், அதற்கு மேல் ஏறவிடலாகாது. ஒன்றுமே காட்டாவிடில் கார்பன் பிரஷ்களைப் பார்க்கவேண்டும். அரை வோல்ட் முதல் 1 வோல்ட் வரை மட்டும் காட்டினால் ஃபீல்டு சுருளிலும், 4, 5 வோல்ட்டோடு நின்றுவிட்டால் ஆர்மேச்சரிலும் குறை என்பது பழைய மெக்கானிக்குகள் பின்பற்றிவரும் அளவு. டைனமோ நன்றாயிருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால், கம்பிகளையும், கட்-அவுட் என்று வழங்கும் ரெகுலேட்டர் பெட்டியையும் சோதிக்கவேண்டும். அளவு தெரியாமல் அப்பெட்டியின் திருகுகளைத் திருப்பலாகாது.

மேற்சொன்ன சோதனை டைனமோவுக்கு மட்டும் உரியது. ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தல் கூடாது. ஆல்டர்னேட்டர் வண்டியில் முதலில் பார்க்கவேண்டியது சிவப்பு விளக்கையே. சாவியைத் திருப்பி, எஞ்சின் ஓடாத நிலையில் அவ்விளக்கு எரியவேண்டும். பல வண்டிகளில், ஆல்டர்னேட்டர் வேலை தொடங்குவதற்கு வேண்டிய முதல் மின்சாரம் அச்சிறு பல்பு வழியாகவே செல்கிறது. பல்பு எரிந்துபோயிருந்தால், நல்ல ஆல்டர்னேட்டரும் ஊட்டாமல் இருக்கக்கூடும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கவ்வியைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் இருக்கிறது" என்று காட்டும் வழக்கம் சிலரிடம் இன்னும் உண்டு. ஆல்டர்னேட்டர் வண்டியில் இவ்வாறு செய்தால் வோல்ட் திடீரென்று உயர்ந்து டையோடுகளை அழித்துவிடும். எவர் செய்யப் புகுந்தாலும் தடுக்கவேண்டும்.

வரவுக்கு மேல் செலவு

டைனமோ நல்லது, பெல்ட் நல்லது, ஆயினும் இரவுப் பயணத்துக்குப் பின் பாட்டரி இறங்குகிறது என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். பழைய கார்களின் டைனமோ ஏறத்தாழ 20 முதல் 22 ஆம்பியர் வரைதான் தரும். காயிலுக்கு 3.5, முன்விளக்குகளுக்கு 7.5, மற்ற விளக்குகளுக்கு 2, மழைநாளில் வைப்பருக்கு 3 என்று கொண்டால் செலவு 16 ஆம்பியர். மிச்சம் பாட்டரிக்குச் சேரும். முன்விளக்குகளை மட்டும் 100 வாட் பல்புகளாக மாற்றிவிட்டால், அவ்விரண்டுமே 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மொத்தச் செலவு 25-ஐத் தாண்டிவிடும். எந்தப் பாகமும் கெடவில்லை, பட்ஜெட்டில்தான் பற்றாக்குறை.

வண்டி நிற்கும்போதே பாட்டரி வடிந்துவிடுவது வேறொரு குறை. எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, கதவுகளை மூடி, எர்த் கவ்வியைக் கழற்றி, கவ்விக்கும் குமிழுக்கும் இடையே ஆம்பியர் அளவில் மீட்டரை இணைத்துப் பார்க்கவேண்டும். மின்னணுச் சாதனம் ஏதுமில்லாத பழைய வண்டியில் அநேகமாக ஒன்றும் காட்டலாகாது. 0.5 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும்; 60 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எதை எடுக்கையில் கசிவு நிற்கிறதோ அவ்வழியில் குறை இருக்கிறது. நிற்கும் வண்டியில் டைனமோ சூடாக இருந்தால், கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டன என்று அறியலாம். இச்சோதனையின்போது செல்ஃபை இயக்கினால் மீட்டர் எரிந்துபோகும்.

கவனிக்கவேண்டிய எச்சரிக்கைகள்

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. ஆகையால் அருகில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் ஆகாது. கழற்றும்போது எர்த் கவ்வியை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடவேண்டும். மோதிரத்தையும் இரும்புக் காப்பையும் கழற்றி வைப்பது நலம். வேறொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பும்போது, கடைசி இணைப்பைப் பாட்டரியின்மேல் கொடுக்காமல், தூரத்தே எஞ்சினின் இரும்பில் கொடுக்கவேண்டும். மிகப் பழைய வண்டிகளில் சில, பாஸிட்டிவ் முனையை எர்த் ஆகக் கொண்டவை. கம்பியின் நிறத்தை நம்பாமல் எந்த முனை உடலில் சேர்ந்திருக்கிறதென்று பார்த்தே இணைக்கவேண்டும். களிம்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, வாஸலின் தடவலாம். சோடா நீர் அறைகளுக்குள் புகலாகாது. கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப நேரின், கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து மேல்நோக்கி இழுக்கவேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் முறிந்துபோகும்.

சங்கங்கள் செய்யவேண்டுவன

வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைப்பது சிக்கனமே. வண்டிக்குரிய பதிவேட்டில், மாதத்திற்கொரு முறை மூன்று அளவுகளை டிரைவர் எழுதிவரட்டும்: ஓய்வில் பாட்டரியின் வோல்ட், செல்ஃப் சுழலும்போது உள்ள வோல்ட், எஞ்சின் ஓடும்போது உள்ள வோல்ட். அளவுகள் மாதந்தோறும் மெல்லச் சரிவதைக் கண்டால், வண்டி நிற்கும் நாளுக்கு முன்னரே செய்தி கிடைத்துவிடும். பாட்டரி, செல்ஃப், டைனமோ ஆகியவற்றை மாற்றுவதற்கான தீர்மானம் கமிட்டியின் முன் வரும்போது, காரியதரிசி அம்மூன்று அளவுகளையும், எர்த் வழியில் அளந்த அளவையும் குறிப்பில் சேர்த்து வைக்கவேண்டும். கழற்றிய பழைய பாகத்தைச் சங்கத்திற்கே திருப்பி வாங்கி, குறை முற்றும் நீங்கியது உறுதிப்படும்வரை இருப்பில் வைத்திருக்கவேண்டும். இக்கேள்விகளைப் பொதுக்குழுவில் கேட்க அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கேட்பது காரியதரிசியையோ டிரைவரையோ சந்தேகிப்பதாகாது.

கைத்தறியில் இரவும் பகலும் உழைத்துச் சேர்த்த பணமும், வயலில் வெயிலில் நின்று சேர்த்த பணமும் சங்கத்தின் பெட்டியில் ஒன்றாகவே இருக்கின்றன. அதிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகுமுன், போகவேண்டிய காரணம் எழுத்தில் இருத்தல் அவசியம். "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது குறையின் பெயர், காரணம் அன்று. காரணத்தை மீட்டரின் முள் காட்டும். அதைப் படித்து எழுதிவைக்க ஒருவர் முன்வந்தால் போதும். தீபாவளி மூட்டைகளும் விடியற்காலைக் காய்கறிகளும் உரிய வேளையில் ஊர் போய்ச் சேரும்.